லாஸ் ஏஞ்சலிஸ் சோல் சிங்கிள்: மூலப் பதிப்பா, 1970களின் கள்ளப் பதிப்பா?

ஊசிமுனை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். லாஸ் ஏஞ்சலிஸில் இயங்கிய ஒரு சிறு நிறுவனம் 1966இல் வெளியிட்ட சோல் சிங்கிள் ஒன்றை, அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையில் பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சிறு இசைத்தட்டை, இரண்டு வாரங்களுக்கு முன் இங்கிலாந்திலுள்ள ஒருவரிடமிருந்து 180 பவுண்டுக்கு வாங்கினேன். மூலப் பதிப்பு என்று சொல்லித்தான் விற்றார். பாட்டின் பெயரை இப்போதைக்கு எழுதாததற்கு மன்னிக்கவும். இணையத்தில் அதற்கு ஒரே ஒரு விற்பனைப் பதிவுதான் இருந்தது. பெயரைச் சொன்னால் விற்றவரையும் சுட்டிக்காட்டியதாகிவிடும். அவர் தெரிந்தே ஏமாற்றினார் என்று எண்ண எனக்குக் காரணம் எதுவும் இல்லை.

என் ஐயம் இரண்டு இடங்களில் எழுந்தது. முதலாவது, தட்டின் நடுவிலுள்ள காகித லேபிளில் பாடலாசிரியர் பெயரும் பதிப்புரிமை வரியும் சற்றே தடித்து, ஓரங்கள் மங்கித் தெரிகின்றன. இரண்டாவது, பாட்டு தொடங்குவதற்கு முன் ஊசி இறங்கியவுடன் ஓசையில்லாமல் ஓடுகிறது. பிறகு திடீரென்று ஒரு இரைச்சல் தொடங்கி, ஒரு நொடி கழித்துத்தான் டிரம் விழுகிறது. லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் இடையிலுள்ள வெற்றுப் பட்டையில் ஒரு முக்கோணமும் ஐந்து இலக்க எண்ணும் கையால் கீறப்பட்டுள்ளன. இந்த மூன்றையும் வைத்து என்ன முடிவுக்கு வரலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓக்லாந்துக்காரன்

நண்பரே, முக்கோணம் இருப்பது நல்ல செய்தியும் அல்ல, கெட்ட செய்தியும் அல்ல. அந்தக் குறி லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் மோனார்க் என்ற இசைத்தட்டு அச்சகத்துக்கு உரியது. அங்கு வந்த ஒவ்வொரு வேலைக்கும் வரிசையாக ஓர் எண் கொடுத்து, அதை முக்கோணத்துக்குப் பக்கத்தில் எழுதினார்கள். எண்கள் காலப்போக்கில் ஏறிக்கொண்டே போனதால், வெளியீட்டுத் தேதி உறுதியாகத் தெரிந்த தட்டுகளோடு ஒப்பிட்டு, தேதி தெரியாத ஒரு தட்டு எந்த ஆண்டில், சில வேளைகளில் எந்த மாதத்தில் அச்சானது என்பதைக்கூடக் கணித்துவிடலாம். அமெரிக்காவில் அன்று இயங்கிய சிறு நிறுவனங்களில் பலவற்றுக்குக் கணக்குப் புத்தகமும் மிஞ்சவில்லை, முதலாளியும் மிஞ்சவில்லை. அவை வெளியிட்ட பாட்டுகளின் வயதை இன்று நாம் சொல்ல முடிகிறதென்றால், அச்சகத் தொழிலாளி தன் வசதிக்காகக் கீறிவைத்த இந்த எண்ணே காரணம். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் ஒரு நெகிழ்ச்சி உண்டாகும்.

ஆனால் முக்கோண எண் மூலப் பதிப்பிலும் கையெழுத்துதான் என்பதால், கள்ளப் பதிப்பு செய்பவர் அதைப் பார்த்து எழுதிவிட முடியும். நீங்கள் தேட வேண்டியது வேறொன்று. ஒரு சிறு வட்டத்துக்குள் எம், ஆர் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் அதே வெற்றுப் பட்டையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த முத்திரை கருவியால் குத்தப்பட்டது. ஒரே அழுத்தத்தில், ஒரே அளவில் இருக்கும். அது இல்லாமலிருந்தாலோ, நடுங்கும் கையால் வரையப்பட்டிருந்தாலோ ஐயம் வலுப்படும்.

அடுத்தது, தட்டு எந்தப் பொருளால் ஆனது என்பதைப் பாருங்கள். மோனார்க் அந்த ஆண்டுகளில் ஏராளமான சிங்கிள்களை வினைலுக்குப் பதிலாக ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்தது. வினைல் என்பது சூடான மாவுருண்டையை இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வைத்து நசுக்குவது. லேபிள் காகிதமும் அந்த அழுத்தத்திலேயே தட்டோடு ஒட்டிவிடும், பசை தேவையில்லை. ஸ்டைரீனோ உருக்கி அச்சுக்குள் பீய்ச்சிச் செய்யப்படுவது. செலவு குறைவு; அச்சும் நீண்ட நாள் உழைக்கும்; ஆனால் லேபிளைப் பிறகு பசை தடவி ஒட்ட வேண்டும். ஸ்டைரீன் தட்டை விரல் நகத்தால் சுண்டினால் கணீரென்று உயர்ந்த ஓசை வரும், வினைல் மந்தமாக ஒலிக்கும். மெதுவாக வளைத்துப் பார்த்தால் வினைல் இணங்கும், ஸ்டைரீன் இணங்காது. ஆனால் 180 பவுண்டு கொடுத்த தட்டை வளைத்துப் பார்க்க வேண்டாம், சுண்டிப் பார்த்தாலே போதும்.

ஏழங்குலம்

ஓக்லாந்துக்காரன் ஐயா சொன்னது முழுவதும் சரி. ஒரேயொரு எச்சரிக்கையைச் சேர்க்கிறேன். பெரிய நிறுவனங்கள் ஒரே பாட்டைக் கிழக்குக் கரையில் ஓர் அச்சகத்திலும் மேற்குக் கரையில் வேறோர் அச்சகத்திலும் அடித்தன. அதனால் ஒரே சிங்கிள் வினைலிலும் ஸ்டைரீனிலும் கிடைக்கலாம், இரண்டுமே மூலமாகவும் இருக்கலாம். சில நூறு பிரதிகள் மட்டும் அடித்த உள்ளூர் நிறுவனத்துக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே, உங்கள் பாட்டின் ஐயமற்ற பிரதி எந்தப் பொருளில் இருக்கிறது என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்ன அந்த இரைச்சல்தான் என்னைக் கவலைக்குள்ளாக்குகிறது. மூல ஒலிநாடாவிலிருந்து வெட்டப்பட்ட தட்டில் தேய்மானமும் தூசியும் தரும் ஓசை, ஊசி இறங்கிய நொடியிலிருந்து பள்ளம் முடியும்வரை தொடர்ந்து இருக்கும். உங்கள் தட்டில் முதலில் அமைதி, பிறகு இரைச்சல், பிறகு பாட்டு என்று வருகிறது. வேறொரு தட்டை ஓடவிட்டு அதிலிருந்து ஒலியைப் பிடித்தால், பதிவு தொடங்கிய இடத்தில் அந்தப் பழைய தட்டின் இரைச்சலும் சேர்ந்து ஏறிவிடும். பாட்டின் முடிவில் காது கொடுத்துக் கேளுங்கள். அங்கும் இரைச்சல் சட்டென்று அறுபட்டால் கதை ஏறக்குறைய முடிந்துவிட்டது. தட்டைக் கழுவிய பிறகும் அதே இடத்தில் அதே ‘டிக்’ ஓசைகள் விழுகின்றனவா என்றும் கவனியுங்கள்.

கழுவும்போது ஒன்றை மறக்க வேண்டாம். ஸ்டைரீன் தட்டாக இருந்தால் லேபிள் வெறும் பசையில்தான் நிற்கிறது, நீர் பட்டால் கழன்று வந்துவிடும்.

பழையதட்டு

1966இல் லாஸ் ஏஞ்சலிஸில் சில நூறு பிரதிகள் அடித்து விற்காமல் போன ஒரு பாட்டை, பத்தாண்டு கழித்து இங்கிலாந்தில் ஒருவர் திருட்டுத்தனமாக அடித்து விற்கும் அளவுக்கு என்ன நடந்தது என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. அந்தக் கதை தெரியாமல் இந்தத் தட்டுகளை மதிப்பிட முடியாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1960களின் நடுவில் டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனம் உலகெங்கும் வெற்றி பெற்றபோது, அமெரிக்காவின் ஒவ்வொரு நகரத்திலும் அதே துள்ளல் தாளத்தில் பாட்டுகள் பதிவாயின. பெரும்பாலானவை உள்ளூர் வானொலியில்கூட ஒலிக்காமல் கிடங்குக்குப் போயின. 1970 வாக்கில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ரசனை, தாளம் முன்னிற்கும் ஃபங்க் இசைக்கு நகர்ந்துவிட்டது. ஆனால் வட இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் விடியவிடிய ஆடிய இளைஞர்களுக்குப் பழைய வேகமே வேண்டியிருந்தது. மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல் நடன மன்றத்தில் தொடங்கி, ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் நகரின் டார்ச், பிளாக்பூலின் மெக்கா, 1973 செப்டம்பர் முதல் 1981 டிசம்பர்வரை இயங்கிய விகன் கசினோ என்று அந்த ஆட்டம் இடம் மாறிக்கொண்டே போனது. லண்டனில் சோல் சிட்டி என்ற தட்டுக்கடை வைத்திருந்த டேவ் காடின்தான் இந்த ரசனைக்கு ‘நார்தர்ன் சோல்’ என்று பெயர் வைத்தார்.

இங்கே நுட்பமான ஒரு சிக்கல் உண்டு. ஆடுபவர்களுக்குப் புதுப் பாட்டு வேண்டும். ஆனால் அந்தத் தாளத்தில் புதிதாக எவரும் பதிவு செய்வதில்லை. ஆகவே புதுப் பாட்டு என்றால் இதுவரை எவரும் கேட்டிராத பழைய பாட்டு என்றே பொருளாகிவிட்டது. அமெரிக்கக் கிடங்குகளில் குவிந்து கிடந்த விற்காத சிங்கிள்களைத் தேடி ஆட்கள் போனார்கள். ஒரே பிரதியை வைத்திருந்த டிஜே, போட்டியாளர் கண்டுபிடித்துவிடாமலிருக்க லேபிள்மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, பாடகருக்கும் பாட்டுக்கும் பொய்ப்பெயர் சூட்டினார். தட்டு கிடைக்காதவர்கள் நண்பரின் பிரதியிலிருந்து அசிடேட், அதாவது ஒற்றைப் பிரதியாக வெட்டும் தட்டு, வெட்டிக்கொண்டார்கள். ‘எமிடிஸ்க்’ என்று எங்கள் வட்டத்தில் சொல்வது அதைத்தான். அசிடேட் ஒருவருக்கு மட்டும் பயன்பட்டது. ஊரே ஒரு பாட்டைக் கேட்டு ஆடியபோது, கள்ளப் பதிப்பு ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பயன்பட்டது.

ஃபிராங்க் வில்சனின் ‘டூ ஐ லவ் யூ’ இதற்கெல்லாம் உச்சம். 1965இல் மோட்டவுனின் கிளையான சோல் என்ற லேபிளில் (லேபிள் என்றால் இங்கே வெளியீட்டுப் பெயர்) டெமோ பிரதிகள், அதாவது வெளியீட்டுக்கு முந்தைய மாதிரிகள், அடிக்கப்பட்டன, பிறகு வெளியீடு கைவிடப்பட்டது. நெடுங்காலம் இரண்டே பிரதிகள்தான் உலகுக்குத் தெரிந்திருந்தன. விகன் கசினோவில் அது எடி ஃபாஸ்டர் என்ற பொய்ப்பெயரில் ஒலித்தது. 2009இல் ஒரு பிரதி 25,742 பவுண்டுக்கும், 2020இல் ஒரு பிரதி ஒரு லட்சம் பவுண்டுக்கும் விலைபோயின. வில்சன் தயாரிப்பாளராக மோட்டவுனில் தொடர்ந்து பணியாற்றி, பிற்காலத்தில் மதபோதகராகி, 2012இல் மறைந்தார்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். அரிய தட்டு எல்லாமே அமெரிக்க அச்சு அல்ல. டேரல் பேங்க்ஸ் 1966இல் பாடிய ‘ஓப்பன் தி டோர் டு யுவர் ஹார்ட்’ அமெரிக்காவில் நன்றாக விற்ற பாட்டு; அங்கே அடித்த பிரதிக்குப் பெரிய விலை இல்லை. ஆனால் பிரிட்டனில் லண்டன் என்ற லேபிள் அதை வெளியிட முற்பட்டு, உரிமை ஸ்டேட்சைடு லேபிளுக்குப் போனதால் பின்வாங்கியது. அந்த லண்டன் லேபிளில் டெமோ அல்லாத பிரதி ஒன்று வெளிப்பட்டு, 2014இல் 14,543 பவுண்டுக்குப் போனது. பாட்டு ஒன்றேதான், வேறுபாடு முழுவதும் லேபிளில்.

வட்டப்பாதை

பழையதட்டு ஐயா எழுதியதை மதிப்போடு படித்தேன். ஆனால் கடைசிப் பத்தியில் இருப்பதுதான் என்னைப் பல ஆண்டுகளாக உறுத்துகிறது. பாட்டு ஒன்றே என்றால் அந்த 14,543 பவுண்டில் பாடியவருக்கு என்ன கிடைத்தது? டேரல் பேங்க்ஸ் 1970இலேயே இறந்துவிட்டார். உயிரோடிருந்த பாடகர்களுக்கும் பழைய தட்டு கைமாறும்போது ஒரு காசுகூடப் போனதில்லை. ஃபிராங்க் வில்சனின் பாட்டை 1979இல் மோட்டவுனின் பிரிட்டன் லேபிளான டாம்லா மோட்டவுன் பிரிட்டனில் முறைப்படி சிங்கிளாக வெளியிட்டுவிட்டது. அதற்குப் பிறகும் மூலத் தட்டையன்றி வேறு தட்டைப் போடும் டிஜே தகுதியற்றவர் என்று சொல்லும் வழக்கம், இசையின்மேல் கொண்ட அன்பிலிருந்து வந்தது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

என் அலமாரியில் பாதிக்கு மேல் மறுபதிப்புகள்தான். லண்டனின் ஏஸ் நிறுவனம் 1982 முதல் கென்ட் என்ற லேபிளில் இதையே செய்து வருகிறது. உரிமம் பெற்று, மூல ஒலிநாடாவைத் தேடியெடுத்து வெளியிடுகிறார்கள். ஊசிமுனை தேடும் காலத்தையும் ஊரையும் சேர்ந்த மிர்வுட் நிறுவனத்தின் பாட்டுகள் அவர்களிடம் நல்ல தரத்தில் கிடைக்கின்றன. 1965இல் லாஸ் ஏஞ்சலிஸில் ராண்டி வுட் தொடங்கிய நிறுவனம் அது. (டாட் லேபிளின் ராண்டி வுட் வேறு ஆள், இருவரையும் ஒருவராக எண்ணி எழுதப்பட்ட குறிப்புகள் ஏராளம்.) தேய்ந்த ஸ்டைரீன் தட்டில் ‘ஸ்’ என்ற ஒலிகளெல்லாம் சீறுவதைக் கேட்டுவிட்டு ஒலிநாடாவிலிருந்து வந்த பதிப்பைக் கேட்டால், இசைஞர்கள் அந்த அறையில் உண்மையில் என்ன வாசித்தார்கள் என்பது அப்போதுதான் புரியும்.

பழையதட்டு

உங்கள் கேள்வி நியாயமானது. அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். ஆனால் வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் ஒருவர் கிடங்கில் முழங்காலிட்டுத் தேடியிராவிட்டால் கென்ட் எதை மறுபதிப்புச் செய்திருக்கும்? குளோரியா ஜோன்ஸ் பாடிய ‘டெயின்டட் லவ்’ 1960களின் நடுவில் சாம்பியன் என்ற லேபிளில் பி பக்கமாக, அதாவது சிங்கிளின் மறுபக்கமாக, வந்து மறைந்த பாட்டு. 1973இல் ரிச்சர்ட் சியர்லிங் அமெரிக்காவில் ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு வந்து வட இங்கிலாந்து மன்றங்களில் ஒலிக்கச் செய்தார். அந்த மன்றங்களின் பாட்டுகளோடு பிளாக்பூலில் வளர்ந்த டேவ் பால் மார்க் ஆமண்டுடன் சேர்ந்து அமைத்த சாஃப்ட் செல் என்ற இசைக்குழு, 1981இல் அதைப் பாடி பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஆர். டீன் டெய்லர் 1967இல் வெளியிட்டுத் தோற்ற பாட்டு, ஆடுபவர்களின் வற்புறுத்தலால் 1974இல் மீண்டும் வந்து பிரிட்டனில் மூன்றாமிடத்தை எட்டியது. இவை சேகரிப்பாளர் செய்த வேலைதானே.

வட்டப்பாதை

டெய்லருக்குக் கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் ‘டெயின்டட் லவ்’ எழுதியவர் எட் காப். சாஃப்ட் செல்லின் பதிவு எத்தனை லட்சம் விற்றாலும் பாடலாசிரியர் உரிமத்தொகை அவர் பக்கம்தான் போகும்; முதலில் பாடிய குளோரியா ஜோன்ஸுக்கு அதில் பங்கில்லை. சேகரிப்பாளர் பாட்டைக் காப்பாற்றுகிறார் என்பதை நான் மறுக்கவில்லை. பாடியவரைத் தேடிப் போகும் கடமையும் அத்தோடு சேர்ந்தது என்கிறேன். சிகாகோவின் நூமெரோ குரூப் 2004இல் தன் முதல் வெளியீடாக ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் இயங்கிய கேப்சோல் லேபிளின் பாட்டுகளைத் தொகுத்தது. அந்த லேபிளை நடத்திய பில் மாஸ் அப்போது உயிரோடிருந்தார். மறு ஆண்டு மறைந்தார். ஓராண்டு தாமதித்திருந்தால் தன் உழைப்பு மீண்டும் மதிக்கப்பட்டதை அவர் கண்டிருக்க மாட்டார். இந்த அவசரம்தான் நம் கூட்டத்தில் போதவில்லை.

ஓக்லாந்துக்காரன்

இருவரும் சொல்வதில் எனக்கு உடன்பாடு உண்டு. ஃபங்க் சேகரிப்பில் இந்த அவசரம் இன்னும் கூடுதல் என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். 1967இல் ஜேம்ஸ் பிரவுன் ‘கோல்ட் ஸ்வெட்’ வெளியிட்ட பிறகு ஊர்தோறும் இளைஞர் குழுக்கள் அதே பாணியில் வாசித்து, தாங்களே காசு போட்டுச் சில நூறு சிங்கிள்கள் அடித்துக்கொண்டன. நிகழ்ச்சி முடிந்ததும் வாசலில் விற்ற தட்டுகள் அவை. சின்சினாட்டியின் ரைட் போன்ற அச்சகங்கள் சிறிய ஆர்டரையும் ஏற்றுக்கொண்டதால்தான் இவை பிறந்தன. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் உரத்த ஒலியில் வெட்டுவது கடினம் என்பதால் நீண்ட வாசிப்பை ‘பாகம் 1’, ‘பாகம் 2’ என்று இரு பக்கமாகப் பிரித்தார்கள். பல வேளைகளில் பாடல் முடிந்து டிரம் மட்டும் தனித்து ஒலிக்கும் இடம் பாகம் 2இல்தான் வரும். பின்னாளில் ஹிப்-ஹாப் கலைஞர்கள் தேடி அலைந்தது அதைத்தான். நான் வாங்கிய தட்டு ஒன்றில் லேபிள்மேல் யாரோ தொலைபேசி எண்ணைப் பேனாவால் எழுதியிருந்தார்கள். அழைத்துப் பார்த்தேன், எண் பயன்பாட்டில் இல்லை. பத்தாண்டு முன்பு அழைத்திருந்தால் ஒருவேளை பாஸ் கிதார் வாசித்தவரே எடுத்திருக்கலாம் என்ற எண்ணம் அன்று முழுவதும் என்னை விடவில்லை.

ஊசிமுனை, சோதனை முடிவு என்ன ஆயிற்று?

ஊசிமுனை

தாமதத்துக்கு மன்னிக்கவும். பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ் வாங்கி வருவதற்கு நாளாகிவிட்டது. நீங்கள் சொன்ன வரிசையிலேயே பார்த்தேன்.

வட்டத்துக்குள் இருக்க வேண்டிய முத்திரை ஒரு பக்கத்திலும் இல்லை. தட்டைச் சுண்டினால் மந்தமான ஓசைதான் வருகிறது. லேபிள் ஓரத்தில் பசையின் அடையாளம் எதுவுமில்லாமல் காகிதம் தட்டோடு பதிந்திருக்கிறது. ஆகவே இது வினைல். இங்கு எழுதும் உறுப்பினர் ஒருவர் தன்னிடமுள்ள மூலப் பிரதியின் படங்களைத் தனிமடலில் அனுப்பி உதவினார். அவருடையது ஸ்டைரீன், முத்திரை தெளிவாக இருக்கிறது. முக்கோண எண் இரண்டிலும் ஒன்றே, ஆனால் ஏழு என்ற இலக்கத்தின் நடுவில் என் தட்டில் ஒரு குறுக்குக்கோடு இருக்கிறது, அவருடையதில் இல்லை. லென்ஸில் பார்த்தபோது லேபிளின் எழுத்துகள் புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தன, அதாவது அச்சிட்ட லேபிளைப் படம் பிடித்து மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள். பாட்டின் முடிவில் இரைச்சல் ஏழங்குலம் சொன்னபடியே சட்டென்று அறுபடுகிறது. ஐயத்துக்கு இடமில்லை.

விற்றவருக்கு இந்த இழையின் விளக்கங்களையும் படங்களையும் அனுப்பினேன். அவருடைய மறைந்த அண்ணனின் பெட்டியிலிருந்து வந்த தட்டு என்றும், அண்ணன் அதை எப்போதும் மூலம் என்றே நம்பியிருந்தார் என்றும் எழுதி, முழுத் தொகையையும் திருப்பித் தர முன்வந்தார். தட்டைக் கட்டுவதற்காகக் காகித உறையிலிருந்து எடுத்தபோதுதான் உறையின் உட்புறத்தைப் பார்த்தேன். நீலப் பேனாவில் ஊர்ப்பெயர் விகன் என்றும், அதன் கீழ் 1976 என்றும் எழுதியிருக்கிறது. அதையும் படம் பிடித்து அவருக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் அந்த உறையை இதுவரை கண்டதில்லையாம்.

வட்டப்பாதை

கள்ளப் பதிப்பை நான் ஆதரிப்பவன் அல்ல. பாடியவருக்கு அதில் ஒரு காசும் போகவில்லை. ஆனாலும் அந்த உறையையும் தட்டையும் பிரிக்காமல் அனுப்புங்கள். அது அந்த வீட்டுக்கு உரியது.

ஊசிமுனை

பிரிக்கவில்லை. அந்த உறையிலேயே போட்டு, தேய்மானம் படாமலிருக்க வெளியே பாலித்தீன் உறை ஒன்றும் சேர்த்திருக்கிறேன். மென்மையான பி.வி.சி. உறை நாளடைவில் தட்டின்மேல் பனிப்படலம்போல் படிந்துவிடும் என்று இங்கேதான் படித்திருந்தேன். மேலும் கீழும் கெட்டி அட்டை வைத்து, அட்டைகளின் வரி ஒன்றுக்கொன்று குறுக்காக வருமாறு கட்டிவிட்டேன். நாளை காலை அஞ்சலில் சேர்க்கிறேன். படம் அனுப்பி உதவிய உறுப்பினர் தன்னிடம் அதே பாட்டின் இன்னொரு பிரதி இருப்பதாகச் சொன்னார். லேபிளின் ஓரம் கிழிந்தது, பி பக்கம் சற்றுத் தேய்ந்தது, ஆனால் வட்டத்துக்குள் முத்திரை இருக்கிறது. விலை பேசிக்கொண்டிருக்கிறோம்.